வெண்கலமும் ஆலிவ் பச்சையும்: ஒரு பிரெஞ்சு 8 பவுண்டர் பீரங்கிக் குழுவுக்கு வண்ணம் தீட்டிய பதிவு

மேசைப் போர் விளையாட்டுக்காக நெப்போலியன் காலப் படைகளைத் தயார் செய்பவர்கள் பெரும்பாலும் காலாட்படையிலிருந்துதான் தொடங்குவார்கள். ஒரே நிலையில் நிற்கும் உருவங்களை வரிசையாக வைத்து, ஒரு நிறத்தை எல்லோருக்கும் தீட்டி முடித்த பிறகு அடுத்த நிறத்துக்குப் போகும் முறை அங்கே நன்றாகச் செல்லுபடியாகும். பீரங்கிக் குழுவில் அந்த முறை பாதி தூரம்தான் வரும். அங்கே ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு கருவி இருக்கிறது. எல்லோரும் சேர்ந்து ஒரே வேலையை, ஒரே நொடியில், வெவ்வேறு பங்காகச் செய்துகொண்டிருக்கிறார்கள். எந்த நொடி அது என்பதை வண்ணத்தைத் தொடும் முன்பே முடிவு செய்துவிட்டால், எங்கே கரி படிய வேண்டும், எங்கே ஈரம் மின்ன வேண்டும், எந்த உலோகம் தேய்ந்திருக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கெல்லாம் அந்த முடிவே பதில் சொல்லிவிடும். 28 மில்லிமீட்டர் அளவில், வெள்ளை உலோகத்தில் வார்த்த ஒரு பிரெஞ்சுக் காலாட் பீரங்கிக் குழுவை அப்படித்தான் தீட்டினேன்.

நான் எடுத்துக்கொண்டது 8 பவுண்டர், அதாவது 8 பவுண்டு எடையுள்ள குண்டைச் சுடும் பீரங்கி. 1765-இல் கிரிபோவால் என்ற பிரெஞ்சுத் தளபதி வகுத்த பீரங்கி முறையில் களப் பீரங்கிகள் 4, 8, 12 பவுண்டர் என மூன்று வகை. அவற்றுடன், வெடிகுண்டை உயர வளைவாக எறியும் 6 அங்குல ஹோவிட்சர் ஒன்று. 1803-இல் கொண்டுவரப்பட்ட சீர்திருத்தம் 4, 8 இரண்டின் இடத்திலும் ஒரு புதிய 6 பவுண்டரை வைக்க முயன்றது. ஆனால் ஸ்பெயினில் போரிட்ட பிரெஞ்சுப் படைகளிடம் பழைய 8 பவுண்டர்கள் தொடர்ந்து புழக்கத்தில் இருந்தன. அந்தச் சீர்திருத்தத்தில் பெரும்பங்கு வகித்த தளபதி மார்மோன்தான் 1812 ஜூலை 22 அன்று ஸ்பெயினின் சலமான்காவில் பிரெஞ்சுப் படைக்குத் தலைமை தாங்கி, போரின் தொடக்கத்திலேயே எதிரியின் குண்டு வெடித்துப் படுகாயம் அடைந்தவர். எனவே என்னுடைய குழுவுக்கு 1808 முதல் 1812 வரையிலான ஸ்பெயின் களத்தையே தேர்ந்துகொண்டேன். சீருடையின் தேய்வு, கால்சட்டையின் நிறம், காலடியில் கிடக்கும் மண் எல்லாம் இந்தத் தேர்விலிருந்து பிறந்தவையே.

இனி அந்த நொடி. ஒரு முறை சுட்டு முடிந்ததும், குழலுக்குள் கனன்றுகொண்டிருக்கும் துணித்துண்டுகளை அணைக்க ஈரத் துடைகோலை உள்ளே செலுத்துவார்கள். அப்போது பின்பக்கம் நிற்கும் ஒருவர் தோலுறை மாட்டிய கட்டைவிரலால் தீத்துளையை இறுக மூடிக்கொள்ள வேண்டும். காற்று அந்தத் துளை வழியாகப் புகுந்தால் உள்ளே மிச்சமிருக்கும் கங்கு அணையாமல் போகும்; அடுத்த மருந்துப் பையை உள்ளே தள்ளும்போது அது வெடித்து, வாயருகே நிற்பவரின் கையையோ உயிரையோ கொண்டுபோய்விடும். துடைத்த பிறகு மருந்துப் பையும் குண்டும் உள்ளே போகும், இடிகோல் அவற்றை அழுத்தும், தீத்துளை வழியாக ஊசி மருந்துப் பையைக் குத்தித் திறக்கும், பற்றுக்குழாய் செருகப்படும், பிறகுதான் சுடுதல். கடைகளில் கிடைக்கும் உருவத் தொகுப்புகளில் பெரும்பாலும் துடைகோல்காரரும் தீயை நீட்டிக்கொண்டிருப்பவரும் ஒரே பெட்டியில் வருகிறார்கள். இருவரையும் வந்தபடியே நிறுத்திவிட்டால், குழலுக்குள் ஒருவர் கோலை விட்டிருக்கும்போதே இன்னொருவர் தீ வைக்கிறார் என்று ஆகிவிடும். நான் துடைக்கும் நொடியையே வைத்துக்கொண்டேன். தீக்கோல் பிடித்திருந்தவரின் மெல்லிய உலோகக் கையைச் சிறிது சிறிதாக வளைத்து, கோல் பீரங்கியை விட்டு விலகிக் கீழ்நோக்கி இருக்கும்படி செய்தேன். அவரைச் சக்கரத்துக்கு வெளியே, சற்றுப் பின்தள்ளி நிறுத்தினேன். சுட்டதும் பீரங்கி பின்னோக்கிப் பாயும் என்பதால் சக்கரத்தின் பாதையில் யாரும் நிற்பதில்லை. மினியேச்சரிலும் அந்த இடத்தைக் காலியாக விடுவதுதான் சரி.

உலோக உருவங்களைத் துப்புரவு செய்வதைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய பல் தூரிகையால் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்த்தி, வார்ப்பின் இணைப்புக் கோடுகளைக் கத்தியாலும் மெல்லிய அரத்தாலும் எடுத்துவிட வேண்டும். பழைய வார்ப்புகளில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு. ஆகவே முகக்கவசம் அணிந்துகொண்டு அராவுவதும், தூளை ஈரத் துணியால் துடைத்து எடுப்பதும், வேலை முடிந்ததும் கையைக் கழுவுவதும் கட்டாயம்.

துடைகோலில் மட்டும் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கிரிபோவால் களப் பீரங்கியின் குழல் அதன் வாய் விட்டத்தைப்போல் 18 மடங்கு நீளமுடையது. 8 பவுண்டரின் வாய் விட்டம் ஏறத்தாழ 106 மில்லிமீட்டர் என்பதால் குழல் 1.9 மீட்டர் அளவில் இருக்கும். 28 மில்லிமீட்டர் உருவங்களுக்கு 1:56 என்ற விகிதத்தை வைத்துக்கொண்டால் மாதிரியில் அது 34 மில்லிமீட்டர். கோல் உள்ளே அடிவரை போய், வெளியே பிடிப்பதற்கும் இடம் மிச்சம் வைக்க வேண்டும் என்றால், அது நிற்கும் மனிதனைவிடத் தெளிவாக நீளமாக இருந்தாக வேண்டும். என் தொகுப்பில் வார்த்திருந்த கோல் அவருடைய தோளுயரம்கூட இல்லை. தொட்டாலே வளையும் மென்மை வேறு. கோலின் நடுப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, உள்ளங்கைகளில் துளையிட்டு, 0.8 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியைச் செருகி, துடைக்கும் தலையையும் இடிக்கும் தலையையும் அதன் இரு முனைகளிலும் சூப்பர் குளூவால் ஒட்டினேன். இந்த ஒரு மாற்றத்திலேயே அந்த மனிதர் உண்மையிலேயே உடல் பலத்தைக் கொடுத்து வேலை செய்பவராகத் தோன்றத் தொடங்கினார்.

பீரங்கியைப் பொருத்தும்போது பெட்டியின் மேலட்டைப் படத்தைவிட வரலாற்றை நம்புவது நல்லது. 12, 8 பவுண்டர்களின் வண்டிச் சட்டத்தில் குழலின் பக்க முளைகள் உட்காருவதற்கு இரண்டு பள்ளங்கள் உண்டு: முன்னது சுடுவதற்கு, பின்னது பயணத்தின்போது எடையைப் பின்னால் தள்ளி வைப்பதற்கு. சுடும் நிலையில் குழல் முன்பள்ளத்தில்தான் இருக்க வேண்டும். அதேபோல வண்டியின் இரு பக்கப் பலகைகளுக்கும் நடுவே அமரும் சிறிய குண்டுப்பெட்டியில் 8 பவுண்டருக்கு 15 குண்டுகள் வைத்திருப்பார்கள். சண்டை தொடங்கும்போது அந்தப் பெட்டியைத் தூக்கி, பீரங்கியைக் குதிரைகளுடன் இணைக்கும் முன்வண்டிக்கு மாற்றிவிடுவார்கள். தொகுப்பில் வந்த பெட்டியை நான் வண்டியில் ஒட்டவில்லை. அதை முன்வண்டிக்கென்று எடுத்து வைத்துவிட்டு, வண்டியின் நடுவில் உயர்த்தும் திருகு தெளிவாகத் தெரியும்படி விட்டேன். சக்கரங்கள், வண்டிச் சட்டம், குழல் மூன்றையும் தனித்தனியாகக் கட்டைகளில் பொருத்தியே தீட்டினேன். சக்கரத்தை ஒட்டிவிட்டால் பக்கப் பலகையின் இரும்புப் பட்டைகளைத் தூரிகை எட்டாது.

பிரைமராக, அதாவது வண்ணம் பிடிப்பதற்காக முதலில் கொடுக்கும் பூச்சாக, வண்டிக்கும் சக்கரங்களுக்கும் கருப்பு, வீரர்களுக்குச் சாம்பல், குழலுக்குச் செம்பழுப்பு என மூன்று நிறங்களைப் பயன்படுத்தினேன். காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாளில் ஸ்ப்ரே அடித்தால் மேற்பரப்பு சொரசொரப்பாகிவிடும். அத்தகைய நாளில் தூரிகையால் பூசும் பிரைமரே பாதுகாப்பு.

பிரெஞ்சு வண்டிகளின் ஆலிவ் பச்சையைப் பச்சை நிறப் புட்டியில் தேட வேண்டியதில்லை. மஞ்சள் காவியுடன் கருப்பைக் கலந்துதான் அக்காலத்தில் அந்த நிறத்தை உண்டாக்கினார்கள், அக்ரிலிக்கிலும் அதே கலவை அப்படியே வேலை செய்கிறது. காவியை எடுத்துக்கொண்டு கருப்பைத் தூரிகை முனை முனையாகச் சேர்த்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் மஞ்சள் சட்டென்று ஒதுங்கி, மங்கிய, மண் வாடை கொண்ட ஒரு பச்சை வெளிப்படும். கடையில் வாங்கும் பச்சைகளுக்கு அந்தச் சூடு இருப்பதில்லை என்பது என் கருத்து. இன்னொரு வசதி, இதே கலவையில் காவியைக் கூட்டினால் விளிம்புகளுக்கான வெளிச்ச நிறமும், கருப்பைக் கூட்டினால் மூலைகளுக்கான நிழலும் கிடைத்துவிடும். மேசையின் மறுபக்கம் நிற்பவர் கொடியைப் பார்ப்பதற்கு முன்பே பீரங்கி யாருடையது என்று கண்டுகொள்வது வண்டியின் நிறத்தை வைத்துத்தான்: ஆங்கிலேயருக்குச் சாம்பல், ஆஸ்திரியருக்கு மஞ்சள் காவி, பிரஷ்யருக்கு நீலம், ரஷ்யருக்குத் தெளிவான பச்சை. ரஷ்யப் பச்சைக்கு மிக அருகில் போய்விடாமல் பிரெஞ்சு வண்டியைச் சற்றுப் பழுப்பின் பக்கம் சாய்த்து வைப்பது இதனால்தான் முக்கியமாகிறது.

இரும்புப் பாகங்களுக்குக் கருப்பு வண்ணம் பூசியிருப்பார்கள். அது வண்ணம், வெறும் இரும்பு அல்ல. ஆகவே அவற்றைக் கருப்பாகத் தீட்டி, விளிம்புகளில் அடர் சாம்பல் கோடு ஒன்றை மட்டும் ஓட்டினேன். வெள்ளி நிறத்தை டிரை பிரஷ் செய்தால், அதாவது ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் மேடுகளில் தேய்த்தால், வண்டி முழுவதும் மின்னும் பொம்மையாகிவிடும். வண்ணம் உரிந்து உண்மையான இரும்பு வெளிப்படும் இடங்கள் மிகக் குறைவு: மண்ணில் உரசும் சக்கரத்தின் வெளிப்பட்டை, சங்கிலிக் கண்ணிகள், கடையாணியின் தலை, நெம்புகோல் நுழையும் வளையங்கள். அந்த இடங்களில் மட்டும் உலோக நிறத்தைத் தொட்டு வைத்தேன். சக்கரத்தில் குடம், ஆரக்கால், வட்டை மூன்றும் பச்சைதான். ஆரக்கால்கள் குடத்தில் சேரும் இடத்தில் பழுப்பு வாஷை (இடுக்குகளில் தேங்கும் நீர்த்த வண்ணம்) இரண்டு தடவை விட்டதில் ஒவ்வொரு ஆரக்காலும் தனித்தனியாக எழுந்து நின்றது. வட்டையின் கீழ்ப்பாதியில் மட்டும் புழுதி நிறத்தை ஏற்றினேன். இந்த நிலையிலேயே சக்கரத்தின் எந்தப் பக்கம் தரையில் படும் என்று குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

குழல்தான் இந்த வேலையின் நடுநாயகம். அதைத் தங்க நிறத்தில் தீட்டியிருப்பதைப் பல படைகளில் பார்க்கலாம். நல்ல பீரங்கி ஒன்று பூஜைப் பாத்திரம்போல் ஆகிவிடுவதைப் பார்க்க எனக்கு மனம் ஒப்புவதில்லை. பிரெஞ்சு வெண்கலத்தின் கலவை 100 பங்கு செம்புக்கு 11 பங்கு வெள்ளீயம். செம்பு அவ்வளவு இருப்பதால் வார்த்த புதிதிலேயே அதன் மஞ்சளில் சிவப்பு கலந்திருக்கும். வெயிலும் மழையும் கையெண்ணெயும் புகையும் பட்டு வெகு விரைவில் பழுப்பேறும். செம்பழுப்பு பிரைமரின் மேல் வெண்கல நிற உலோக வண்ணத்தை மெல்லிய இரண்டு பூச்சாகக் கொடுத்தேன். பிறகு அடர் பழுப்பு வாஷைக் குழல் முழுவதும் ஓடவிட்டு, வளையங்களின் இடுக்கில் தேங்க வைத்தேன். நன்றாக உலர்ந்த பின் வெண்கலத்துடன் மிகச் சிறிதளவு வெள்ளியைக் கலந்து, குழலின் மேல்முதுகில் ஒரே நேர்கோடாகவும் வளையங்களின் மேல்விளிம்பிலும் இழுத்தேன். உருளையின் மேல் ஒளி விழும் இடம் அந்த ஒரு கோடுதான்; அது அகலமாகிவிட்டால் குழல் தட்டையாகத் தோன்றும். தூக்குவதற்கான இரண்டு கைப்பிடிகளின் உட்புறமும், குறிபார்ப்பவரின் கை அடிக்கடி படும் பின்முனையும் மற்ற இடங்களைவிடப் பளிச்சென்று இருக்கலாம், அங்கே மட்டும் கூடுதலாக ஒரு தொடுகை.

கரி இரண்டு இடங்களுக்கு உரியது. வாயின் முகப்பிலும் உள்விளிம்பிலும் கருப்புப் பொடியை உலர்ந்த தூரிகையால் தட்டித் தட்டி ஏற்ற வேண்டும். வெளிப்புறத்தில் விரல் அகலம்கூடப் போகாமல் அது மங்கி மறைந்துவிட வேண்டும். தீத்துளையில் புகை மேல்நோக்கிப் பீறிடும் என்பதால் துளையைச் சுற்றி அடர்ந்த ஒரு புள்ளியும், அதிலிருந்து கலைந்து பரவும் கறையும் போதும். பாசி நிறக் களிம்பை இந்தக் குழலில் எங்கும் வைக்கவில்லை. கைவிடப்பட்டு மழையில் கிடக்கும் பீரங்கிக்கு அது பொருந்தும். நாள்தோறும் துடைத்துப் பயன்படுத்தும் பீரங்கியில் களிம்பு ஏற வழியில்லை.

வீரர்களிடம் வந்தால், பிரெஞ்சுக் காலாட் பீரங்கி வீரரின் சீருடை வண்ணம் தீட்டுபவரைச் சோதிக்கவே வடிவமைத்ததுபோல் இருக்கும். கோட்டு அடர் நீலம், மார்பு மடிப்பும் அடர் நீலம், உள்ளங்கியும் கால்சட்டையும் அடர் நீலமே. காலாட்படை வீரரிடம் வெள்ளை மார்பு மடிப்பு எல்லாப் பிரிவினையையும் தானே செய்துவிடுகிறது. இங்கே நீலத்தை நீலத்திலிருந்து பிரிப்பது மடிப்பின் ஓரத்தில் ஓடும் சிவப்பு பைப்பிங் என்ற மெல்லிய ஓர இழை ஒன்றுதான். அந்தக் கோட்டை இறுதியில் மெல்லிய தூரிகையால் வரைய முயல்வது கடினமான வழி. அதைவிட, மார்பு மடிப்பு முழுவதையும் முதலில் சிவப்பாகத் தீட்டிவிட்டு, உள்ளே நீலத்தை நிரப்பிக்கொண்டே போய், ஓரத்தில் மயிரிழை அளவு சிவப்பை விட்டு நிறுத்துவது எளிது. நீலம் கொஞ்சம் தாண்டினால் சிவப்பை மறுபடி தொட்டு வைத்து, வெளிப்பக்கத்திலிருந்து மேல்கோட்டின் நீலத்தைக் கொண்டு வந்து சிவப்புக் கோட்டைத் திருத்திக்கொள்ளலாம். கோடு எப்போதும் இரண்டு பக்கத்திலிருந்தும் செதுக்கப்படுகிறது. கஃப் (சட்டைக் கையின் முனைப் பட்டை), கோட்டின் பின்மடிப்பு, தோள் குஞ்சங்கள், ஷாக்கோ தொப்பியின் பாம்பம் (உருண்டைக் குஞ்சம்) எல்லாம் சிவப்பு, பொத்தான்கள் மஞ்சள் உலோகம், கெய்ட்டர்கள் (துணிக் காலுறைகள்) கருப்பு. ஷாக்கோவின் சிவப்புக் கயிறுகளையும் இறகையும் 1810-இன் ஒழுங்குவிதி நீக்கியது. என் குழுவில் ஒருவருக்குக் கயிறும் மற்றவர்களுக்கு வெறும் தொப்பியும் என்று கலந்தே வைத்தேன்.

நீலத்தை நான் மூன்று படிகளில் எழுப்பினேன். டார்க் பிரஷியன் புளூ என்ற அடர் நீல வண்ணத்தில் சிறிது கருப்பைச் சேர்த்து அடிப்பூச்சு. மடிப்புகளின் மேடுகளில் தூய டார்க் பிரஷியன் புளூ. முழங்கை, தோள், முழங்கால் ஆகிய மூன்றிடங்களில் மட்டும் அதனுடன் வெளிர் சாம்பல் கலந்த ஒரு வெளிச்சம். அடர் நிறங்களைச் சின்ன உருவத்தில் உள்ளபடியே பூசினால், கையெட்டும் தூரத்துக்கு அப்பால் அவை கருப்பாகவே தெரியும். ஆகவே வெளிச்சப் படி கண்ணுக்குக் கொஞ்சம் மிகையாகத் தோன்றும் அளவுக்கு ஏற்ற வேண்டும். வெளிச்சத்துக்கு வெள்ளையைக் கலந்தால் நீலம் வானநீலமாகிவிடும், சாம்பல் கலந்தால் துணி துணியாகவே இருக்கும். குறுக்கு வார்களுக்கு முதலில் அடர் பழுப்பு. அதன் மேல் இருபுறமும் மெல்லிய பழுப்பு வரி தெரியும்படி மங்கிய வெள்ளை. சார்ஜெண்ட் உருவத்தின் முன்கையில் சிவப்பு ஓரமிட்ட ஒற்றைத் தங்கச் சரிகைப் பட்டையைச் சாய்வாக வைத்தேன். ஸ்பெயினில் சீருடைத் துணி வந்து சேருவது கடினமாக இருந்ததால் அங்கே கிடைத்த பழுப்புத் துணியில் தைத்த கால்சட்டைகளைப் பிரெஞ்சு வீரர்கள் அணிந்தார்கள். மருந்துப் பை ஏந்தி நிற்பவருக்கு அந்தப் பழுப்பைக் கொடுத்ததில், நீலம் நிறைந்த குழுவுக்கு நடுவே கண் இளைப்பாற ஓர் இடம் கிடைத்தது.

முகங்களில் ஒரு நுணுக்கம் உண்டு. காலாட்படை வீரர் காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துத் திறப்பவர். அவருடைய உதட்டோரம் கருத்திருப்பது இயல்பு. பீரங்கிக்காரர் துணிப் பையில் கட்டிய மருந்தைக் கையாள்பவர். அவர் எதையும் கடிப்பதில்லை. ஆகவே வாயில் கரி வைக்காமல், துடைகோல்காரரின் இரு கைகளிலும், கஃபிலும், வாய்ப்பக்கம் திரும்பியிருக்கும் கன்னத்திலும் மெல்லிய கருஞ்சாம்பல் கிளேஸ் (அடிநிறம் தெரியும்படியான பூச்சு) கொடுத்தேன். தீத்துளையை மூடியிருப்பவரின் கட்டைவிரல் உறைக்குத் தோல் நிறம், அதன் நுனியில் மட்டும் கருப்பு. தீக்கோலின் முனையில் ஆரஞ்சுப் புள்ளி, அதற்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு சிறு வளையம். தோளில் மாட்டும் இழுவை வார்களின் கயிற்றுக்குச் சணல் நிறமும் பழுப்பு வாஷும்.

பாதுகாப்புக்காக எல்லாவற்றுக்கும் முதலில் பளபளப்பு வார்னிஷ், அது காய்ந்ததும் பளபளப்பற்ற மேட் வார்னிஷ் பூசினேன். குழலை மட்டும் மூடி வைத்துவிட்டுப் பிறகு அதற்கு அரைப்பளபளப்பு கொடுத்தேன். மேட் வார்னிஷ் உலோக வண்ணத்தின் உயிரை எடுத்துவிடும். வாளிக்குள்ளிருக்கும் தண்ணீருக்கும் துடைகோலின் ஈரத் தலைக்கும் இறுதியாக முழுப் பளபளப்பு. வாளியிலிருந்து வாய்வரை தரையில் இரண்டு மூன்று ஈரத் துளிகளையும் அதே வார்னிஷால் வைத்தேன்.

தளத்துக்கு ஸ்பெயினின் கோடைக்காலம். 1809 ஜூலை 28 அன்று தலவேராவில் காய்ந்த புல் தீப்பிடித்து, களத்தில் கிடந்த காயம்பட்டவர்களை எரித்த நிகழ்ச்சி அந்நிலம் அப்போது எவ்வளவு உலர்ந்திருந்தது என்பதைக் காட்டுகிறது. பசும்புல் தூளை ஒதுக்கிவிட்டு, வெளிர் காவி மண்ணின் மேல் வைக்கோல் நிறப் புல் கொத்துகளை ஆங்காங்கே வைத்தேன். சக்கரத்துக்குப் பின்னால், பீரங்கி பின்பாய்ந்து மீண்டும் முன்தள்ளப்பட்ட தடத்தை ஈரமான பசை மண்ணில் உதிரிச் சக்கரம் ஒன்றை உருட்டிப் பதித்தேன். அந்தத் தடத்தில் புல் எதுவும் இல்லை. வாய்க்கு முன்னால் இருக்கும் மண்ணில் மட்டும் கருஞ்சாம்பல் பொடி கொஞ்சம் தூவினேன்.

வீரர்களைத் தளத்தில் நிரந்தரமாக ஒட்டாமல், அவர்களுடைய சிறு வட்டத் தளங்களின் அடியில் காந்தம் வைத்து, பெரிய தளத்தின் குழிகளில் அமரும்படி செய்திருக்கிறேன். இழப்புக்கு ஏற்ப ஆட்களை எடுக்கச் சொல்லும் விதிகளுக்கு இது வசதி; அப்படி எடுக்கும்போது துடைகோல்காரரைக் கடைசி வரை விட்டுவைப்பது பார்வைக்கு நன்றாக இருக்கும். ஒரு பிரெஞ்சுக் காலாட் பீரங்கிக் கம்பெனியில் 6 பீரங்கிகளும் 2 ஹோவிட்சர்களும் இருக்கும். ஒரு மாதிரி இரண்டைக் குறிக்கும் விகிதத்தில் ஆடுபவர்களுக்கு மூன்று 8 பவுண்டரும் ஒரு ஹோவிட்சரும் தேவை. மற்ற குழுக்களுக்கு வேறு நொடிகளைத் தேர்ந்திருக்கிறேன்: ஒன்று குண்டு ஏற்றும் நிலை, இன்னொன்று வால்பகுதியை நெம்புகோலால் திருப்பிக் குறிபார்க்கும் நிலை. நாலும் ஒரே நொடியில் நின்றால் அணிவகுப்பாகத் தோன்றும். நாலும் வேறு வேறு கட்டத்தில் இருந்தால்தான் மேசையில் ஒரு பேட்டரி (பீரங்கி அணி) உண்மையாக இயங்கும். எடுத்து வைத்த குண்டுப்பெட்டி இப்போது முன்வண்டியில் ஏறிவிட்டது. அதை இழுக்கும் குதிரைகளின் ஓட்டுநர்கள் 1800 முதல் இராணுவத்தின் பகுதியாக்கப்பட்ட இழுவைப் படையினர் என்பதால் அவர்களுக்குப் பீரங்கிக்காரரின் நீலம் கிடையாது. இரும்புச் சாம்பல் கோட்டும் நீல மடிப்புகளும்தான். அந்தச் சாம்பலுக்கான அடிப்பூச்சைத் தொடங்கியிருக்கிறேன்.